எந்த மூலைக்கு எந்த க்ளெமாட்டிஸ்? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் வேலியோரக் கொடிகளைப் பற்றி எழுதும்போது க்ளெமாட்டிஸ் என்ற பூக்கொடிக்கு நான்கே வரிதான் ஒதுக்கினேன். அந்த நான்கு வரிக்கு வந்த கடிதங்கள் என் மேசையை நிறைத்துவிட்டன. பாதிக் கடிதங்கள் "எந்த நிறம் வாங்கலாம்?" என்றுதான் தொடங்குகின்றன. 26 வருடமாக இந்தக் கொடியை வளர்க்கிறேன். நிறத்தைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கியவற்றில் பல என்னிடம் நிலைக்கவில்லை. இடத்தைப் பார்த்து வாங்கியவை இன்றும் பூக்கின்றன. அதனால் நிறக் கேள்விகளைத் தள்ளி வைத்துவிட்டு, இடத்தைப் பற்றிக் கேட்டவர்களுக்கு முதலில் பதில் சொல்கிறேன்.

எங்கள் வீட்டின் பின்சுவரில் வெயிலே விழாது. காலையில் அரை மணி நேரம் ஓரமாக எட்டிப் பார்க்கும், அவ்வளவுதான். அங்கே க்ளெமாட்டிஸ் வளருமா?

வளரும். நேர் வெயில் இல்லாவிட்டாலும் தலைக்கு மேலே திறந்த வானம் இருந்தால் போதும். உங்கள் சுவருக்கு நான் முதலில் சொல்வது 'நெல்லி மோசர்'. 1897-ல் பிரான்சில் வெளிவந்த ரகம். விரித்த உள்ளங்கை அளவுக்குப் பெரிய பூ. வெளிர் ரோஜா நிற இதழ், ஒவ்வொரு இதழின் நடுவிலும் அடர்ந்த ரோஜாப் பட்டை.

நான் வாங்கிய முதல் க்ளெமாட்டிஸே இதுதான். தொட்டியில் செருகியிருந்த அட்டைப் படத்தில் மயங்கி வாங்கி வந்து, நல்ல வெயில் அடிக்கும் முன்சுவரில் நட்டேன். பூத்தது. ஆனால் மூன்றாம் நாளே பட்டை கரைந்து, பூ முழுவதும் பலமுறை துவைத்த துணிபோல் வெளுத்துவிட்டது. ரகம் சரியில்லை என்று இரண்டு வருடம் குறைபட்டுக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு குளிர்காலக் கடைசியில் கொடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டி, பெரிய மண்கட்டியோடு பெயர்த்து, பின்சுவருக்குக் கொண்டுபோனேன். ஒரு வருடம் நாலைந்து இலையோடு அப்படியே நின்றது. மறுவருடம் வந்த பூவில் அந்தப் பட்டை இரண்டு வாரம் அழியாமல் இருந்தது. செடியும் அதுதான், மண்கட்டியும் அதுதான். மாற்றியது சுவரை மட்டும்.

பெரிய பூ வேண்டாம், சின்னதாக இருந்தால் போதும் என்றால் 'அல்பைனா' வகையை எடுங்கள். ஐரோப்பிய மலைகளின் கொடி. குளிரைத் தாங்கும், நோய் அண்டுவது குறைவு. 2 முதல் 3 மீட்டருக்கு மேல் போகாது. தலைகவிழ்ந்த மணிபோல் பூக்கும். வசந்தம் தொடங்கியதுமே பூத்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. சுவரை ஒட்டிக் குழி எடுக்காதீர்கள். கூரைச் சரிவு மழையை மறைத்துவிடுவதால் சுவரடி மண் மழைக்காலத்திலும் பொடியாக இருக்கும். விரலை விட்டுப் பார்த்தால் தெரியும். 30 முதல் 45 செ.மீ. தள்ளி நட்டு, ஒரு மெல்லிய குச்சியைச் சுவர்ப்பக்கம் சாய்த்து வைத்துக் கொடியை ஏற்றிவிடுங்கள்.

என்னுடையது நேர் எதிர். கொதிக்கிற வெயில் சுவர். "வேர் நிழலில் இருக்க வேண்டும்" என்று எல்லாரும் சொல்கிறார்கள். வெயில் சுவரில் வேருக்கு நிழலை எங்கே தேடுவது?

நாமே உண்டாக்க வேண்டியதுதான். நிழலை விட முக்கியம் ஈரம். வேரடி மண் சூடேறிக் காய்ந்துபோவதைத்தான் இந்தக் கொடியால் தாங்க முடியாது. எனவே குழியை அகலமாக எடுங்கள். 45 செ.மீ. ஆழம், 45 செ.மீ. அகலம். தோண்டிய மண்ணில் நன்றாக மட்கிய தொழு உரத்தைக் கலந்து நிரப்புங்கள். நட்டபின் மேலே ஒரு கைப்பிடி உயரத்துக்கு மட்கிய இலை மூடாக்கு. மூடாக்கு தண்டைத் தொடக்கூடாது, நாலு விரல் விலகியிருக்கட்டும்.

சிலர் வேரடியில் தட்டைக் கல் வைப்பார்கள். நானும் வைத்திருந்தேன். கல்லின் அடியில் குளிர்ச்சிதான், ஆனால் அந்தக் குளிர்ச்சி நத்தைக்கும் பிடித்துவிட்டது. இரவில் வெளியே வந்து இளந்தளிரை வழித்துத் தின்றுவிட்டுப் பகலில் அங்கேயே ஒளிந்துகொள்ளும். கல்லை எடுத்துவிட்டு, வேர் ஆழமாகப் போகாத குட்டையான செடிகளை முன்னால் நட்டேன். இப்போது அந்தத் தூர் கண்ணுக்கே தெரியாது.

காற்று மறைவான வெயில் சுவர் என்றால் 'ஆர்மாண்டி'யைத் தைரியமாக வைக்கலாம். சீனக் கொடி. ஆர்மாண்ட் டேவிட் என்ற பிரெஞ்சு மதகுருவின் பெயரைத் தாங்கியது. 1900-ல் எர்னெஸ்ட் வில்சன் என்ற தாவர வேட்டையாளர் பிரிட்டனுக்குக் கொண்டுவந்தார். தோல்போல் தடித்த நீள இலை, வருடம் முழுக்கப் பச்சை. வசந்த முகப்பில் வெள்ளைப் பூக் கொத்துகள், நல்ல மணம். குளிர்ந்த காற்று நேராக அடித்தால் மட்டும் இலை கருகிப்போகும். மஞ்சள் பூ வேண்டுமென்றால் 'டாங்குடிகா'. சின்ன விளக்குக் கூண்டுபோல் தொங்கும் பூ. பூ உதிர்ந்த பிறகு வெள்ளிப் பஞ்சுபோல் விதைக் கொத்து, அது குளிர்காலம் வரை நிற்கும். எனக்கு அந்தப் பஞ்சு பூவை விடப் பிடிக்கும். காலைப் பனி அதில் இறங்கியிருக்கும்போது ஒருமுறை பார்த்தவர்கள் அதை வெட்டமாட்டார்கள்.

நேற்று மாலை வரை தளதளவென்று இருந்த கொடி. மொட்டு விரியும் தறுவாயில் இருந்தது. இன்று காலை ஒரு தண்டு முழுக்கத் துவண்டு தொங்குகிறது. தண்ணீர் ஊற்றியும் நிமிரவில்லை. பிடுங்கி எறிந்துவிடட்டுமா?

வேண்டாம். தயவுசெய்து பிடுங்காதீர்கள். மண்வெட்டியை வைத்துவிட்டு இதைப் படியுங்கள்.

நான் க்ளெமாட்டிஸ் வளர்க்கத் தொடங்கிய ஐந்தாம் வருடம், நீலப் பெரும்பூ ரகம் ஒன்று இப்படியே ஓர் இரவில் சாய்ந்தது. நாலைந்து நாள் பார்த்தேன். எல்லாத் தண்டும் கறுத்தது. செத்துவிட்டது என்று முடிவு கட்டித் தோண்டி எடுத்துக் குப்பைக் குவியலுக்குக் கொண்டுபோனேன். மண்ணை உதறும்போது, தரைக்குக் கீழே இருந்த தண்டின் கணுவில் நெல்மணி அளவில் இரண்டு வெள்ளை மொட்டுகள் தெரிந்தன. பதறிப்போய்த் திரும்ப நட்டேன். வேரெல்லாம் அறுந்திருந்தது, பிழைக்கவில்லை. விட்டிருந்தால் ஒரு மாதத்தில் அந்த மொட்டுகள் வெளியே வந்திருக்கும். அந்தச் செடி என் அவசரத்தால் போனது. இன்றும் அந்த இடத்தைக் கடக்கும்போது மனம் வலிக்கும்.

இதற்குப் பெயர் க்ளெமாட்டிஸ் வாடல் நோய். கலோஃபோமா க்ளெமாட்டிடினா என்ற பூஞ்சையால் வருவது. முன்பு இதே பூஞ்சையை ஃபோமா என்ற பெயரில் எழுதுவார்கள். தண்டின் உள்ளே நீர் ஏறும் பாதை அடைபட்டுவிடுவதால் மேலே உள்ளதெல்லாம் ஒரே மூச்சில் தொங்கிவிடும். தண்ணீர் ஊற்றி நிமிராததற்குக் காரணம் இதுதான். பெரிய பூப் பூக்கும் கலப்பின ரகங்களைத்தான் இது அதிகம் பிடிக்கிறது. 'விட்டிசெல்லா', 'மொண்டானா', 'அல்பைனா' போன்ற சின்னப் பூ வகைகளில் அரிது.

செய்ய வேண்டியது என்ன? துவண்ட தண்டைக் கீழ்நோக்கி வெட்டிக்கொண்டே வாருங்கள். வெட்டுவாயில் கறுப்புக் கறை இருந்தால் இன்னும் கீழே போங்கள். வெள்ளையும் பச்சையுமாகச் சுத்தமான தண்டு வரும்வரை வெட்ட வேண்டும். அது தரைமட்டம் வரை போனாலும் தயங்காதீர்கள். வெட்டியதை உரக்குழியில் போடாமல் அப்புறப்படுத்துங்கள். கத்தரியைத் துடைத்து, கிருமிநாசினியில் நனைத்த பிறகே அடுத்த செடியைத் தொடுங்கள். உதிர்ந்த இலையையும் பொறுக்கிவிடுங்கள். பிறகு அந்த இடத்தில் ஒரு குச்சியை அடையாளத்துக்கு நட்டு, மண் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சில செடி ஒரு மாதத்தில் துளிர்க்கும். சிலது அடுத்த வசந்தம் வரை மண்ணுக்குள்ளேயே இருக்கும்.

ஒன்றைச் சரிபார்க்க மறக்காதீர்கள். தண்டின் அடியில் நத்தை கடித்த காயமோ, காற்றில் மடங்கி நசுங்கிய இடமோ இருந்தாலும் மேல்பகுதி இதே மாதிரிதான் துவளும். அப்படியானால் அது நோயல்ல. காயத்துக்குக் கீழே வெட்டினால் போதும்.

இந்த நோய்க்குப் பயந்துதான் பெரும்பூ ரகங்களை ஆழமாக நடச் சொல்கிறோம். தொட்டியில் இருந்த மண்மட்டம், தோட்டத்து மண்மட்டத்துக்கு 5 முதல் 8 செ.மீ. கீழே போக வேண்டும். இரண்டு மூன்று கணுக்கள் மண்ணுக்குள் புதைந்திருந்தால், மேலே எல்லாம் போனாலும் அங்கிருந்து உயிர் வரும். ஆர்மாண்டி போல எப்போதும் பச்சையாக இருப்பவற்றுக்கும், கொடியாக ஏறாத செடி வகைகளுக்கும் இந்த ஆழம் கூடாது. அவற்றைத் தொட்டியில் இருந்த மட்டத்திலேயே நடுங்கள்.

தடிமனான மூங்கில் கம்பு ஊன்றிக் கொடுத்தேன். ஏற மறுத்துக் கீழேயே சுருண்டு கிடக்கிறது. ஏன்?

இந்தக் கொடிக்குத் தனியாகப் பற்றுக்கம்பி கிடையாது. இலைக்காம்புதான் கை. அது எதிலாவது உரசினால் அதைச் சுற்றி ஒரு முறுக்கு முறுக்கிக்கொள்ளும். காம்பின் நீளமோ சில செ.மீ. தான், தடித்த மூங்கிலை அதனால் சுற்றிவர முடியாது. சுண்டுவிரலை விட மெல்லியதாகக் கொடுங்கள். கம்பிவலை, சணல் கயிறு, தூண்டில் நரம்பு எதுவானாலும் சரி. மூங்கிலைப் பிடுங்க வேண்டாம். அதன் மேல் வலையைச் சுற்றிக் கட்டிவிட்டால் ஒரு வாரத்தில் ஏறத் தொடங்கும். சுவர் என்றால் கம்பிக்கும் சுவருக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி வேண்டும், காம்பு பின்னால் சுற்றிவர.

இளந்தண்டு கண்ணாடிபோல் ஒடியும். அதைக் கட்டும்போது ஒரு கை தண்டின் அடியில் இருக்கட்டும்.

ரோஜாவும் க்ளெமாட்டிஸும் ஒரே வளைவில் பின்னிப் பூத்திருக்கும் படம் பார்த்தேன். என் வளைவில் ரோஜா இருக்கிறது. பக்கத்திலேயே நட்டுவிடலாமா?

ரோஜா நட்டு இரண்டு வருடமாவது ஆகியிருந்தால் நடலாம். பக்கத்திலேயே வேண்டாம். முக்கால் மீட்டராவது தள்ளி நட்டு, குச்சி வழியாக ரோஜாவுக்குள் அனுப்புங்கள். இரண்டுக்கும் பசி அதிகம், வேர்கள் மோதிக்கொண்டால் தோற்பது க்ளெமாட்டிஸ்தான்.

எந்த வகை என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ரோஜாவைக் குளிர்காலக் கடைசியில் வெட்டுவோம். அதே வேளையில் அடியோடு வெட்டக்கூடிய க்ளெமாட்டிஸாக இருந்தால் பழைய கொடியை முழுவதும் உருவி எடுத்துவிட்டு, ரோஜாவை நிம்மதியாகக் கவாத்து செய்யலாம். 'ஜாக்மானி' அப்படிப்பட்டது. இங்கிலாந்தில் வோக்கிங் என்ற ஊரில் ஜாக்மன் குடும்பத்தின் நர்சரியில் இனக்கலப்பு செய்து, 1862-ல் முதன்முதல் பூத்த ஊதாப் பூ. பெரும்பூ க்ளெமாட்டிஸ் மீது உலகத்துக்கு வந்த மோகத்துக்கு இதுதான் தொடக்கம் என்று சொல்லலாம். இன்றும் சலிக்கவில்லை.

நானாக இருந்தால் 'விட்டிசெல்லா' வகையில் ஒன்றை எடுப்பேன். தண்டு மெல்லிசு, ரோஜாவை நெருக்காது. வாடல் நோயும் அநேகமாக வராது. என் வளைவில் வெளிர் மஞ்சள் ரோஜாவோடு 'எத்வால் வியோலெத்' ஓடுகிறது. அடர் ஊதா, நடுவில் வெண்மஞ்சள் கேசரம். ரோஜாவின் முதல் பூப்பு அடங்கும் வேளையில் இது தொடங்கும். நடுவில் ஒரு பத்து நாள் இரண்டும் சேர்ந்திருக்கும். அந்தப் பத்து நாளும் நான் வெளியூர்ப் பயணம் வைத்துக்கொள்வதில்லை.

'போலிஷ் ஸ்பிரிட்' கிடைத்தால் அதையும் விடாதீர்கள். வார்சா நகரத்து மடத்துத் தோட்டத்தில் ஸ்டெஃபான் ஃப்ரான்சாக் என்ற ஏசுசபைத் துறவி உருவாக்கியது. மடத்து நிலத்தில் இருந்துகொண்டே இதுபோல் எத்தனையோ க்ளெமாட்டிஸ் ரகங்களை உலகுக்குத் தந்தவர். எப்படிப்பட்ட மண்ணிலும் இந்த ரகம் முனகாமல் வளரும்.

வயதான பெரிய மரம் ஒன்று இருக்கிறது. அதன் மேல் ஏற்றிவிட ஆசை. அடியில் நட்டதெல்லாம் காய்ந்துவிடுகிறது.

மரத்தடி மண் மரத்துக்கே சொந்தம். அதன் ஈரத்தை எல்லாம் மரவேர் உறிஞ்சிவிடும். தண்டை ஒட்டி நடாமல், கிளைகளின் வெளிவிளிம்புக்கு நேர் கீழே நடுங்கள். மழைநீர் சொட்டும் இடம் அது. அங்கிருந்து ஒரு கயிற்றைத் தாழ்ந்த கிளைக்குக் கட்டி ஏற்றிவிடலாம். நான் செய்த ஒன்று பலன் தந்தது. பழைய வாளி ஒன்றின் அடிப்பாகத்தை அறுத்து எடுத்துவிட்டு, குழிக்குள் இறக்கி, அதற்குள் நட்டேன். மரவேர் உள்ளே நுழைவதற்குள் க்ளெமாட்டிஸ் வேர் கீழே இறங்கிவிட்டது. முதல் இரண்டு கோடையிலும் வாரம் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றினேன்.

பெரிய மரத்துக்கு 'மொண்டானா' போலப் பொருத்தமானது இல்லை. இமயமலைக் கொடி. 1831-ல் ஆம்ஹர்ஸ்ட் சீமாட்டி இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். 10 மீட்டர் உயரம் அநாயாசமாக ஏறும், வசந்தத்தில் இலை தெரியாமல் பூக்கும். சின்ன மரத்தில் மட்டும் இதை ஏற்றாதீர்கள். நான் ஓர் இளமரத்தில் ஏற்றிவிட்டேன். ஆறாம் வருடம் ஈரமும் காற்றுமாக இருந்த ஓர் இரவில் கொடியின் பாரத்தில் மரத்தின் பாதி முறிந்து விழுந்தது. கூரை நீர்த்தாரைப் பக்கமும் வேண்டாம். ஓட்டுக்கு அடியில் நுழைந்துவிடும்.

மாடியில் தொட்டிதான். தொட்டியில் வருமா?

வரும், தொட்டி பெரிதாக இருந்தால். 45 செ.மீ. அகலமும் அதே ஆழமும் குறைந்தபட்சம். அழகான சின்னத் தொட்டியில் நட்டுவிட்டுப் பூக்கவில்லை என்று எழுதும் கடிதங்கள் எனக்கு மாதாமாதம் வருகின்றன. மெல்லிய கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி மத்தியான வெயிலில் கொதிக்கும். தடித்த மண்தொட்டி நல்லது. அடியில் துளை அடைபடாமல் இருக்கட்டும், தொட்டியைச் செங்கல் மேல் தூக்கி வையுங்கள். வெறும் தேங்காய் நார்க்கழிவில் நடாதீர்கள். கனமான தோட்டத்து மண் பாதியாவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஈரம் நிற்காது.

தரையில் உள்ள கொடி ஒரு நாள் தண்ணீர் மறந்தாலும் மன்னிக்கும். தொட்டிக் கொடி மன்னிக்காது. கோடையில் தினம் ஊற்றுங்கள், அதுவும் அடித்துளை வழியே ஒழுகும்வரை. துளிர்விடும் காலம் தொடங்கிப் பூ முடியும் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, தக்காளிக்குப் போடும் பொட்டாஷ் மிகுந்த திரவ உரத்தை நீர்க்கக் கலந்து கொடுக்கலாம்.

ரகம்: மொண்டானா, டாங்குடிகா போன்றவற்றைத் தொட்டிக்குள் அடக்க முடியாது. தொட்டிக்கென்றே குட்டையான ரகங்களை, இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே உள்ள கெர்ன்சி தீவில் ரேமண்ட் எவிசன் என்பவர் பல வருடமாக உருவாக்கியிருக்கிறார். மீட்டர் ஒன்று, ஒன்றரைக்குள் நின்று, கீழிருந்து மேல்வரை பூக்கும். பெயர்ச்சீட்டில் உயரத்தைப் பார்த்து வாங்குங்கள்.

எனக்குக் கவாத்துதான் பயம். ஒருவர் அடியோடு வெட்டு என்கிறார், ஒருவர் தொடாதே என்கிறார்.

இரண்டு பேரும் சரியாகத்தான் சொல்கிறார்கள், வெவ்வேறு கொடியை மனத்தில் வைத்துக்கொண்டு. உங்கள் கொடி எப்போது பூக்கிறது என்பதை மட்டும் கவனியுங்கள்.

வசந்தம் தொடங்கும்போதே பூத்தால் அது போன வருடத்துத் தண்டில் வந்த பூ. அல்பைனா, மொண்டானா, ஆர்மாண்டி எல்லாம் இந்த வகை. குளிர்காலத்தில் வெட்டினால் பூவையே வெட்டிவிடுகிறீர்கள். பூ உதிர்ந்த உடனே, மீறிப் போனதை மட்டும் குறைத்தால் போதும்.

கோடை நடுவிலோ அதற்குப் பிறகோ பூத்தால் அது அந்த வருடமே முளைத்த தண்டின் நுனியில் வருவது. ஜாக்மானி, விட்டிசெல்லா, டாங்குடிகா. இவற்றைக் குளிர்காலக் கடைசியில் தரையிலிருந்து 30 செ.மீ. விட்டு, பருத்த மொட்டு ஜோடி ஒன்றின் மேலே வெட்டிவிடுங்கள். வெட்டாவிட்டால் அடியெல்லாம் வெறும் பழுப்புக் குச்சியாக நிற்கும், பூ முழுக்கக் கூரை உயரத்தில் இருக்கும். கீழே நின்று நாம் பார்ப்பது வெறும் குச்சியைத்தான்.

இந்த இரண்டுக்கும் நடுவில் வருபவைதான் ஆட்களைக் குழப்புகின்றன. நெல்லி மோசர் போன்ற பெரும்பூக்கள் கோடை முகப்பில் பழைய தண்டில் ஒரு சுற்றுப் பூத்துவிட்டு, பின்னால் புதுத் தண்டில் கொஞ்சம் பூக்கும். இவற்றுக்குக் கை மென்மையாக இருக்க வேண்டும். குளிர்காலக் கடைசியில் உச்சியிலிருந்து கீழே வாருங்கள். காய்ந்த தண்டை எடுத்துவிடுங்கள். உயிருள்ள தண்டில் முதல் திடமான மொட்டு ஜோடி வந்ததும் அதன் மேலே வெட்டி நிறுத்துங்கள். முதல் பூப்பு முடிந்ததும் வாடிய பூவுக்குக் கீழே வெட்டிவிட்டால் இரண்டாம் சுற்று நன்றாக வரும்.

பெயர்ச்சீட்டு தொலைந்துவிட்டது, என்ன ரகம் என்றே தெரியவில்லை என்றால் ஒரு வருடம் கத்தரியைத் தொடாதீர்கள். முதல் பூ விரிந்த தேதியை எழுதி வையுங்கள். என்னிடம் இதற்காகவே ஒரு நோட்டு இருக்கிறது. அதில் உள்ள தேதிகள்தான் எனக்குக் கவாத்துப் பாடம் சொல்லிக்கொடுத்தன.

புதிதாக நட்ட பெரும்பூ ரகத்துக்கு முதல் வசந்தத்தில் மட்டும் விதிவிலக்கு. எல்லாத் தண்டையும் 30 செ.மீ. உயரத்துக்கு வெட்டிவிடுங்கள். அந்த வருடப் பூ தள்ளிப்போகும், குறையவும் செய்யும், மனசு கேட்காது. ஆனால் ஒற்றைத் தண்டாக ஓடவிருந்த கொடி அடியிலிருந்து நாலைந்து தண்டாகக் கிளைக்கும். அதன் பலன் அடுத்த 20 வருடத்துக்கு.

சுவரும் இல்லை, வளைவும் இல்லை. வெறும் பூப்பாத்திதான் இருக்கிறது.

அப்படியென்றால் 'இன்டெக்ரிஃபோலியா'. ஏறாத க்ளெமாட்டிஸ். அரை மீட்டர், முக்கால் மீட்டர் உயரப் புதராக நின்று, நீல மணிகளைத் தொங்கவிடும். குளிர்காலத்தில் தரைவரை காய்ந்து, வசந்தத்தில் மறுபடி முளைக்கும். மழையில் நாலாபக்கமும் சாயும். மற்ற செடிகளுக்கு நடுவே நட்டால் அவை தாங்கிக்கொள்ளும்.

எங்கள் ஊரில் குளிரே கிடையாது. முயன்று பார்க்கலாமா?

பார்க்கலாம், தேர்ந்து எடுத்தால். அல்பைனா போன்ற மலைக்குளிர் வகைகளில் காசைப் போடாதீர்கள். டெக்சாஸ் மாநிலத்தைத் தாயகமாகக் கொண்ட 'டெக்சென்சிஸ்' வழிவந்த ரகங்கள் சூட்டுக்குப் பழகியவை. விட்டிசெல்லா ரகங்களும் ஓரளவு தாங்கும். காலை வெயில், மத்தியானத்துக்கு மேல் நிழல், ஈரமான மூடாக்கு. இந்த மூன்றும் தர முடிந்தால் இறங்குங்கள்.

கொடியை வெட்டியபின் கையில் அரிப்பும் சிவப்பும். இதனாலா?

ஆம். தண்டும் இலையும் நசுங்கும்போது வரும் சாறு தோலை எரிக்கும். கையுறை போடுங்கள், அந்தக் கையோடு கண்ணைத் தொடாதீர்கள். குழந்தைகளும் வளர்ப்புப் பிராணிகளும் மெல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் பூக்கள் பச்சையாக வருகின்றன. நோயா?

வசந்தக் குளிரில் சில ரகங்களின் முதல் பூ பச்சை கலந்து வரும். நாம் இதழ் என்று சொல்வது உண்மையில் புல்லி இதழ்தான், அதனால்தான் இலை நிறத்தின் சாயல் அதில் எளிதாகத் தங்கிவிடுகிறது. வெயில் ஏறியதும் வரும் பூக்களில் நிறம் சரியாகிவிடும்.

நன்றாகப் பூக்கும் கொடியிலிருந்து இன்னொன்று உண்டாக்க முடியுமா? விதை போட்டேன், முளைக்கவில்லை.

விதை முளைக்கச் சில மாதமும் ஆகும், சிலது ஒரு வருடத்துக்கு மேலும் எடுக்கும். முளைத்தாலும் கலப்பின ரகத்தின் விதையில் தாயின் பூ அப்படியே வராது. பதியம் போடுங்கள். வசந்தத் தொடக்கத்தில், போன வருடத்துத் தண்டு ஒன்றை ஒடியாமல் மெதுவாகத் தரைக்கு வளைத்து, ஒரு கணுவின் அடிப்பக்கத்தைக் கத்தியால் லேசாகக் கீறி, மண் நிரப்பிய சிறு தொட்டிக்குள் அந்தக் கணுவைப் புதையுங்கள். வளைத்த கம்பியால் அழுத்திப் பிடித்து, மேலே ஒரு கல். தொட்டி மண் காயக்கூடாது. ஒரு வருடம் பொறுத்து மெல்ல இழுத்துப் பாருங்கள். எதிர்த்துப் பிடித்தால் வேர் விட்டிருக்கிறது. தாய்க்கொடியிலிருந்து வெட்டிவிடலாம்.

என் பின்சுவர் நெல்லி மோசரிலிருந்து இப்படி எடுத்த பதியம் ஒன்று இப்போது என் தங்கை வீட்டில் இருக்கிறது. கொடுக்கும்போது "உன் வீட்டில் வெயில் படாத சுவர் எது?" என்றுதான் முதலில் கேட்டேன். சென்ற வாரம் முதல் பூ விரிந்ததாகப் படம் அனுப்பியிருந்தாள். பட்டை அப்படியே இருந்தது.